பேச்சுக் கொடுத்தது நான்தான்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில், ஸ்டேஷனுக்கு வடக்கே ஒரு மயில் ரயிலில் அடிபட்டுச் செத்துக் கிடந்தது. அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து, பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டதால் எனக்குக் கிடைத்த வேலை அது. டிக்கெட் கொடுக்கும் புக்கிங் கிளார்க். உத்தரவுக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் நின்றேன். உள்ளே அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் கன்ட்ரோல். ஓடும் வண்டிகளையெல்லாம் ஓர் அறையில் உட்கார்ந்தபடி நடத்துகிற மேலாபீஸுக்கு அப்படித்தான் பெயர். லைனில் எது நடந்தாலும் ஸ்டேஷன் மாஸ்டர் அங்கே சொல்லியாக வேண்டும். 'எது நடந்தாலும்' என்பதை மற்றவர்கள் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"மயில் சார். ஆண் மயில்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "வண்டிக்கு ஒண்ணும் சேதமில்ல. லைன்ல கெடந்துச்சு, லைன் நம்ம பொறுப்பு. ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு ஆள் அனுப்பிட்டேன்." மறுமுனையில் யாரோ சிரித்தது வாசல் வரைக்கும் கேட்டது. இவர் சிரிக்கவில்லை. "தேசியப் பறவை சார்" என்றார்.

போனை வைத்துவிட்டு என் உத்தரவை வாங்கிப் படித்தார். அப்பாவின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"உங்கப்பா வண்டி எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு தடவைதான் லேட்டாக் கெளம்பிச்சு" என்றார். "அதுவும் என் தப்பு. நான்தான் சிக்னல் குடுக்கல. மேல சொல்லிட்டேன் அப்பவே."

அப்பாவைப் பற்றி அதுவரை எத்தனையோ பேர் எங்களிடம் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். இந்த வார்த்தை மாதிரி ஒன்றை யாரும் சொன்னதில்லை.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். ஒல்லியாக, உயரமாக, கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்தாற்போல நடப்பார். தங்கைகளுக்கெல்லாம் கல்யாணம் செய்து முடிப்பதற்குள் தன்னுடைய வயது தாண்டிவிட்டது என்று பேச்சு. ரயில்வே குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். வெள்ளைச் சட்டையை அவரே துவைத்து, அவரே இஸ்திரி போட்டுக்கொள்வார். காலர் நைந்துபோனால் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொள்வார். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். தண்டவாளம் கூட்டுகிறவர் வரைக்கும் எல்லாரையும் 'வாங்க', 'போங்க'தான்.

"மேல சொல்லியாச்சா?" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் கேள்வி. பிளாட்பாரத்துக் குழாயில் தண்ணீர் நிற்காமல் ஒழுகினால், மேல சொல்லியாச்சா? சிக்னல் விளக்கின் கண்ணாடியில் கீறல் விழுந்தால், மேல சொல்லியாச்சா? ஸ்டேஷனில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். ஒருமுறை, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வாய்தவறி "ரேடியோ வராரு" என்று என்னிடம் சொல்லும்போதே பின்னால் வந்து நின்றுவிட்டார். பாயிண்ட்ஸ்மேன் வெலவெலத்துப் போனார். "ரேடியோல நல்ல சேதியும் வரும்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இவர் உள்ளே போனார்.

சேர்ந்த புதிதில் எனக்கும் அவர்மேல் கோபம் வந்தது. நாங்கள் வேங்கிக்காலில் இருந்தோம். அப்போது அங்கே கலெக்டர் ஆபீஸெல்லாம் கிடையாது. சுற்றிலும் வயலும் கிணறும்தான். அம்மாவுக்கு இழுப்பு. ஒருநாள் காலையில் அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. டவுன் பஸ்ஸும் வரவில்லை. ஓட்டமும் நடையுமாக நான் வந்து சேர்ந்தபோது பாசஞ்சர் வண்டி போய்விட்டிருந்தது. அவரே என் கவுன்ட்டரைத் திறந்து டிக்கெட் கொடுத்து முடித்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். விட்டுவிட்டார் என்று நினைத்தேன். மதியம் அவர் கன்ட்ரோலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, என் கவுன்ட்டருக்கும் அவர் அறைக்கும் நடுவில் இருந்த தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

"புக்கிங் கிளார்க் இன்னைக்கு லேட்டு சார். அவங்க அம்மாவுக்கு மூச்சுத் திணறல். பஸ் வரல. நடந்தே வந்திருக்காங்க. கவுன்ட்டர் நான் பாத்தேன். பாசஞ்சர் யாரும் டிக்கெட் இல்லாம நிக்கல."

நான் அழுதேன். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத வேலை. பாயிண்ட்ஸ்மேன்தான் வந்து சமாதானம் சொன்னார். "அழாதம்மா. நம்பளப் பத்தி மட்டும் சொல்ற ஆளு இல்ல அவரு. அவரப் பத்தியும் அவரே சொல்லிப்பாரு."

அது உண்மைதான் என்று சீக்கிரமே பார்த்தேன். ஒருநாள் காய்ச்சலில் மேஜைமேல் தலை வைத்துக் கண்ணயர்ந்துவிட்டார். கொஞ்ச நேரம்தான். அப்போது வண்டி எதுவும் இல்லை, யாரும் பார்க்கவுமில்லை. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு முதல் வேலையாகப் போனை எடுத்தார்.

அதன்பிறகு அவருடைய தகவல்களை உற்றுக் கேட்க ஆரம்பித்தேன். ஒருவர் செய்த தப்பைச் சொல்லும்போது, அவர் பக்கத்து நியாயத்தையும் ஒன்றுவிடாமல் சொல்வார். அதில் தன் பங்கு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்வார். கேட்கிறவர்கள் முதல் பாதியை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்மேல் எனக்கு மனசு போனது ஒரு கார்த்திகை தீபத்தன்று. அன்று எங்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாகவே இருக்காது. ஸ்பெஷல் வண்டிகளில் கூரைமேலெல்லாம் ஆட்கள் உட்கார்ந்து வருவார்கள். பிளாட்பாரத்தில் காலை வைக்க இடம் கிடையாது. சாயங்காலம் மலை உச்சியில் தீபம் ஏற்றியதும் அத்தனை பேரும் மேற்கே திரும்பிக் கையைத் தலைக்குமேல் தூக்கினார்கள். அரோகரா என்ற சத்தம் தகரக் கூரையை அதிர வைத்தது. நானும் கவுன்ட்டரை விட்டு வெளியே வந்து கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது, அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டி நிற்பதைப் பார்த்தேன். வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. விளிம்பில் நின்ற ஜனங்களைப் பார்த்தபடி, பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக நின்றிருந்தார். வண்டி வந்து நின்று, ஜனம் ஏறி, அது கிளம்பிக் கடைசிப் பெட்டியும் தாண்டிய பிறகு மெதுவாகத் திரும்பினார். கொடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மலையைப் பார்த்துக் கையைக் கூப்பினார். முகத்தில் சின்னப் பையனுக்கு வருகிற மாதிரி ஒரு சந்தோஷம். நான் பார்ப்பதைக் கவனித்ததும் கொடிகளைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு அவர் என்னைக் கூப்பிடுவதே மாறிவிட்டது. அதற்கு முன்பு 'இந்தாங்கம்மா' என்பார். அந்த 'அம்மா' விழுந்துவிட்டது. அதற்குப் பதில் வேறு வார்த்தை அவருக்குக் கிடைக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் தடுப்புப் பலகையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் நிமிர்ந்து பார்ப்பேன். அந்தத் தட்டுக்காகவே சில நாட்கள் காத்துக்கொண்டிருப்பேன்.

என் மாமா, அம்மாவின் தம்பி, ஊருக்கு வெளியே வடக்குக் கேட்டில் கேட்மேனாக இருந்தார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு எல்லாமே அவர்தான். நல்ல மனுஷர். வாய் ஓயாமல் பேசுவார். ஆள் நடமாட்டமில்லாத கேட்டில் நாள் முழுக்க இருப்பதால், யாராவது கிடைத்தால் விடமாட்டார். என் முகத்தைப் பார்த்தே எதையோ புரிந்துகொண்டு, அவராகவே விசாரிக்கக் கிளம்பிவிட்டார். "நம்ம சனந்தாங்க்கா. குடி கெடையாது, பீடி கெடையாது. பேச்சு கொஞ்சம் கம்மி, அவ்ளோதான்" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸுக்கே போய்க் கேட்டுவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர், "அவங்களுக்குச் சம்மதமான்னு கேட்டீங்களா?" என்றாராம். அவளுக்குச் சம்மதம்தான் என்று மாமா சொன்னதும், எழுந்து போய் காபி போட்டாராம். "சக்கரைய மறந்துட்டாரு பாப்பா. நானும் சொல்லல, குடிச்சிட்டேன்" என்று மாமா எங்கள் வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அது தை மாதம். அதன்பிறகு நாங்கள் இருவரும் ஸ்டேஷனில் முன்னைவிடக் குறைவாகப் பேசினோம். ஆனால் அந்த மாதிரி நாட்கள் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் வரவில்லை.

மாசியில் ஒருநாள், முற்பகல் பாசஞ்சர் வடக்கே கிளம்ப நின்றிருந்தது. வண்டியை விடுவதற்கு முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்குப் போன் செய்ய வேண்டும். கேட்மேன் கேட்டைச் சாத்திவிட்டு, சாத்தியாச்சு என்று சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் சிக்னல். அவர் கேட்டோடு பேசும்போது தேவைக்குமேல் ஒரு சொல் இருக்காது. அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார். வண்டி வருகிறது, கேட்டைச் சாத்துங்கள் என்றார். போனை வைக்கவில்லை. தயங்கினார். அப்புறம் தாழ்ந்த குரலில், "வீட்ல என்ன சொன்னாங்க? வைகாசியா, ஆனியா?" என்று கேட்டார்.

தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் நான் டிக்கெட் அடுக்கிக்கொண்டிருந்தேன். இடைவெளியில் அவருடைய ஒரு காது தெரிந்தது. சிவந்திருந்தது.

மாமாவுக்கு அது போதும். மறுமுனையில் அவர் கடகடவென்று பேசுவது கேட்டது. இவர் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் சுதாரித்து, "கேட் சாத்தியாச்சா?" என்று கேட்டார். சாத்தியாச்சு என்று மாமா சொல்லியிருக்கிறார். போனை வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சாத்திவிடலாம் என்று நினைத்தாராம். வண்டி கிளம்பியது.

மாமா வெளியே ஓடி வருவதற்குள் ஒரு மாட்டுவண்டி பாதி தண்டவாளத்துக்கு வந்துவிட்டிருந்தது. மேலே கடலை மூட்டைகள். முன்னால் ஓர் ஆணும் பெண்ணும். மாமா போட்ட கூச்சலில் வண்டிக்காரன் மாட்டை அடித்துக் கிளப்பியிருக்கிறான். எஞ்சின் விசில் கொடுத்துக்கொண்டே வந்து, வண்டியின் பின்முனையை உரசி, ஒரு மூட்டையைக் கிழித்துக்கொண்டு போய் நின்றது. மாட்டுவண்டி நிற்கவே இல்லை. மிரண்ட மாடுகள் ஊரைப் பார்த்து ஓடிவிட்டன. எஞ்சின் டிரைவர் இறங்கி வந்து மாமாவைக் கண்டபடி திட்டினார். மாமா அவர் காலில் விழுந்தார். "யாருக்கும் அடியில்ல, போ. நானும் ஒண்ணும் சொல்லல" என்று டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதையெல்லாம் மாமாவே உடனே போன் செய்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னார். வேறு யாரிடம் சொல்வார்? "ஒண்ணும் ஆவல சார். டிரைவரும் சொல்ல மாட்டேன்னுட்டாரு. நம்பளோட போவட்டும் சார்" என்று அழுதுகொண்டே சொன்னாராம்.

அவர் போனை வைத்தார். எழுந்துபோய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். மறுபடி உட்கார்ந்தார். நான் தடுப்பைத் தாண்டி உள்ளே போனேன். என்ன நடந்தது என்று அவர் சொன்னார். நான் கேட்டேன்: "யாருக்கும் ஒண்ணும் ஆகலதானே சார்?"

"ஆகல." தண்டவாளத்தைப் பார்த்தார். "நாளைக்கு இதே கேட்ல ஒண்ணு ஆச்சுன்னா, இன்னைக்கே எனக்குத் தெரியும்னு யார்கிட்டப் போய் சொல்றது?"

ஆனால் அப்போதும் போனை எடுக்கவில்லை. தண்டவாளம் பழுது பார்க்கும் கேங்மேன் ஒருவரை உடனே கேட்டில் நிற்க அனுப்பினார். மத்தியானம் மாற்று ஆள் வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த மாட்டுவண்டி எந்த ஊர் என்று வழியெல்லாம் விசாரித்துக்கொண்டே போய், மலையைச் சுற்றி அடி அண்ணாமலையில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று தெரியாமல் தகவல் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. யாருக்கும் அடியில்லை. ஆனால் மூட்டைகளுக்கு நடுவே, துணிக்குள் ஒரு கைக்குழந்தை படுத்திருந்ததாம். பிரசவத்துக்குப் போன பெண்டாட்டியை மாமியார் வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு வந்திருக்கிறான் வண்டிக்காரன்.

சாயங்காலம் திரும்பி வந்து கன்ட்ரோலுக்குப் பேசினார். நான் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். மறுமுனையில் இருந்தவர் நல்ல எண்ணத்தோடுதான் தடுத்திருக்க வேண்டும். "தெரியும் சார்" என்றார் இவர். "இழுத்து விட்டுக்கறதுக்கு என்ன இருக்கு, நடந்தது அதுதான். கேட்மேன் சாத்தாம சாத்திட்டேன்னு சொன்னாரு. ஆனா வண்டி கெளம்புற நேரத்துல அவருக்குப் பேச்சுக் கொடுத்தது நான்தான். சொந்த விஷயம்." என்ன சொந்த விஷயம் என்று கேட்டிருப்பார்கள் போல. "என் கல்யாண விஷயம் சார்" என்றார்.

அன்றைக்கே லைன் முழுக்கப் பரவிவிட்டது. அவர் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் யாருக்கும் இருக்கவில்லை.

மாமாவை சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். என்னையும் கூப்பிட்டார். "உங்களுக்குக் கவுன்ட்டர்ல கூட்டமா இருந்திருக்கும், எதுவும் காதுல விழுந்திருக்காது, இல்லையா?" என்று, நான் பிடித்துக்கொள்வதற்கு வசதியாகக் கேட்டார். மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தின் கோடியில் நின்றிருந்தார். என்னிடம் இப்படிச் சொல் அப்படிச் சொல் என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. "விழுந்துச்சு சார்" என்றேன். கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். மாமா குடும்பக் கஷ்டத்தையும், அதுவரைக்கும் அவர் கேட்டில் ஒரு குறையும் வந்ததில்லை என்பதையும் சொன்னேன்.

மாமா அதன்பிறகு வெகுநாள் என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசினார். "நம்பி சொன்னேன்க்கா. எனக்கு மாப்ளையா வரப்போறவருன்னு நம்பி சொன்னேன். அதுகூடப் போவட்டும். வண்டில கொழந்த இருந்துச்சின்னு சொல்லியிருக்காரே, எங்க இருந்துச்சி கொழந்த? என் கண்ணால பாத்தேன், மூட்டதான் இருந்துச்சி. கேஸ் பெருசாவணும்னு கத கட்டியிருக்காரு."

"அந்த ஆளு பேச்ச இனிமே இந்த வீட்ல எடுக்காதே" என்று அம்மா என்னிடம் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

விசாரணை முடிந்தது. மாமாவைத் தண்டவாள வேலைக்குத் தள்ளி வேறு ஊருக்கு அனுப்பினார்கள். ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சம்பள உயர்வை நிறுத்தி, தெற்கே ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். கடைசி நாளன்று மத்தியானம், வண்டி எதுவும் இல்லாத நேரத்தில், தடுப்புப் பலகையில் இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது. நான் எழுந்து அந்தப் பக்கம் போனேன். மேஜை துடைத்து வைத்திருந்தது.

"நானும் வரேன்னு சொன்னா?" என்று கேட்டேன். அவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "உங்க மாமா வேலைக்கு இப்படி ஆனது என்னால. அவர் மனசு கொதிச்சினு இருக்கும்போது அவர் வீட்டுப் பொண்ணக் கூட்டினு போக என்னால முடியாதுங்க. அவர் மனசு ஆறட்டும். அவர் ஒரு வார்த்த சொன்னாருன்னா, எனக்குச் சொல்லி அனுப்புங்க. எங்க இருந்தாலும் வரேன்."

"ஆறலன்னா?"

"ஆறும்" என்றார். அவர் எனக்குச் சொன்னவற்றில் உறுதி செய்துகொள்ளாமல் சொன்னது அது ஒன்றுதான்.

நான் காத்திருந்தேன். அம்மா பார்த்த வரன்களை ஏதாவது சொல்லித் தட்டிக்கொண்டே வந்தேன். போளூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பெண்டாட்டியை இழந்தவர், பொறுமையாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த ஸ்டேஷன் மாஸ்டர் கலகலப்பானவர். குழாய் ஒழுகினால் ஒழுகிக்கொண்டே இருக்கும். தீபத்தன்று எல்லாரோடும் சேர்ந்து அவரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கூப்பிய கையோடு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மத்தியானங்களில், பலகைக்கு அந்தப் பக்கம் யாராவது நாற்காலியை நகர்த்தினால்கூட என் உடம்பு ஒருதரம் நிமிரும். மாமா சில வருஷங்களில் மறுபடி கேட் வேலைக்கே, எங்கள் ஊருக்குப் பக்கமாக வந்துவிட்டார். என்னோடும் பேச ஆரம்பித்தார். ஆனால் தெற்கே போனவர் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், மாமாவின் கேட்டுக்கு ஒரு குடியானவர் பத்திரிகையோடு வந்தார். தாம்பூலத் தட்டும் கொண்டுவந்திருந்தார். அடி அண்ணாமலைக்காரர். மகளுக்குக் காதுகுத்து என்றார். மாமாவுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை.

"நான்தாங்க அன்னிக்கு மாட்டுவண்டி ஓட்டினு வந்தவன்" என்றார் அவர். "உங்க கேட்ல தப்பிச்ச புள்ளைங்க இது. நீங்க அன்னிக்குக் கத்துன கத்துலதான் நான் மாட்ட அடிச்சேன். நீங்க வந்து ஆசீர்வாதம் பண்ணணும்."

மாமா போனார். போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தாராம், கால் கேட்கவில்லையாம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு, குத்தின காது வலியில் அழுதுகொண்டிருந்தது குழந்தை. அதன் அப்பா அதைத் தூக்கி மாமா மடியில் வைத்தார். மாமா அன்று சாப்பிடாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். வாங்கினவர் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சிக்கா" என்றார். "கொழந்த இருந்துச்சி. நான்தான் பாக்கல."

அடுத்த வாரம் லீவு போட்டு, பாஸ் வாங்கிக்கொண்டு தெற்கே கிளம்பினார். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. கிளம்பும்போது என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். அந்த நான்கு நாட்கள் நான் எப்படி டிக்கெட் கொடுத்தேன், எப்படிச் சில்லறை கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அம்மா ஒன்றும் கேட்காமல், பெட்டியிலிருந்து நல்ல புடவைகளை எடுத்து வெயிலில் போட்டாள்.

மாமா திரும்பி வந்தது ஒரு மதியம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் வாசல்படிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அவரு வீட்லதான் சாப்பிட்டேன்" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "கால்ல விழப் போனேன், விடல. என்ன மன்னிச்சிருங்கன்னு அவரு சொல்றாரு." தலையைக் குனிந்துகொண்டார். "கல்யாணம் ஆயிடுச்சிக்கா. ரெண்டு வருஷம் ஆவுதாம். அவங்கம்மா படுத்த படுக்கையா கெடந்து கேட்டாங்களாம். கையில ஒரு ஆம்பளப் புள்ள."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. வெயிலில் காய்ந்த புடவைகள் மடித்தபடி பெட்டிமேல் இருந்தன.

"நல்ல பொண்ணுக்கா அது. எந்த ஊருன்னு கேட்டுச்சி, சொன்னதும் புரிஞ்சிக்கிச்சி. பொண்ணு பாக்கப் போன அன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிட்டாராம். கேட்டு, மாட்டுவண்டி, நம்ம பாப்பா, எல்லாம். எனக்கு எல போட்டு அதுதான் பரிமாறுச்சி. சோறு போட்டுக்கினே கேட்டுச்சி, அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாங்கன்னு."

மாமா இப்போது என் பக்கம் திரும்பினார்.

"அவரு எதிர்ல உக்காந்து சாப்டுக்கினு இருந்தாரு பாப்பா. தலைய நிமுத்தல. ஆனா கை அப்படியே நின்னுபோச்சி. நான் இன்னா பண்ணுவேன்? ஆயிடுச்சின்னு சொல்லிட்டேன். நல்ல எடம், சந்தோஷமா இருக்குதுன்னு சொன்னேன். அப்புறந்தான் அந்தக் கை சோத்துல எறங்குச்சி."

வெளியே கிணற்றடியில் யாரோ மாட்டைக் குளிப்பாட்டும் சத்தம் கேட்டது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அந்த ஊரில், எனக்குத் தெரியாத ஒரு வீட்டில், அவர் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததுதான் கண்ணுக்குள் இருந்தது. வாழ்நாள் முழுக்க நடந்ததை மட்டுமே சொன்ன மனுஷர். அவருக்கு என்னைப் பற்றிக் கிடைத்த கடைசித் தகவல், நடக்காத ஒன்று.

அந்த வாரமே அம்மாவிடம் கேட்டேன்: "போளூர் வாத்தியார் வீட்ல இன்னும் கேட்டுக்கினு இருக்காங்களா?"

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "எதுக்குடி இப்ப?"

"வரச் சொல்லு."

அடுத்து வந்த தையில் கல்யாணம் நடந்தது. வாத்தியார் நல்லவர். பேசத் தெரிந்தவர், சிரிக்கத் தெரிந்தவர். மணையில் உட்கார்ந்திருந்தபோது, மாமா சொன்னதில் பாதி இன்றோடு உண்மையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருக்கிறாள் என்றும் அவர் சொல்லியிருந்தார். அதற்கு இன்னும் சில வருஷங்கள் பிடித்தன.